மூன்று நாள், பதினொரு பேர், பல்லாவரம் சுற்றுவட்டாரம்: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

குரோம்பேட்டைவாசி:

காலாண்டு லீவுக்கு கோவையிலிருந்து அண்ணன் குடும்பம், நெல்லையிலிருந்து தங்கை குடும்பம். அம்மாவையும் எங்களையும் சேர்த்து 11 பேர். மகாபலிபுரம் போகலாம் என்றார் அண்ணன். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பக்கம் குடிவந்து 20 வருஷம் ஆகிறது. வருகிறவர்களையெல்லாம் ஈசிஆர் ரோட்டுக்கே கூட்டிப் போயிருக்கிறேன். வீட்டைச் சுற்றி இருப்பதை யாருக்கும் காட்டியதில்லை. "இங்கே என்னடா இருக்கு, ஏர்போர்ட்டும் தோல் ஷாப்பும்தானே" என்றார் அண்ணன். குரோம்பேட்டை என்ற பேரே குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது என்பதால் அவர் சொன்னதில் பாதி உண்மைதான்.

வியாழன் சாயங்காலம் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை சுற்றுவதாகத் திட்டம். திட்டத்தில் வெள்ளிக்கிழமை கட்டாயம் இருக்க வேண்டும், பல்லாவரம் சந்தை அன்றைக்கு மட்டும்தான். பழைய கடிகாரம், உடைந்த ரேடியோ, செடி, மீன், பித்தளைப் பாத்திரம் என்று எல்லாம் கிடைக்கும். காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். அம்மா ஒரு பித்தளைக் கூஜாவை எடுத்து, பேரம் பேசி, வைத்து, மறுபடி எடுத்து, கடைசியில் வாங்கவில்லை. அதற்கே ஒரு மணி நேரம். அது வீண் என்று நினைத்து அவசரப்படுத்தினேன் பாருங்கள், அதுதான் முதல் தப்பு. அம்மா அன்று முழுக்கப் பேசியது அந்தக் கூஜாவைப் பற்றித்தான்.

சந்தையிலிருந்து நேராக மலைப்பக்கம் இருக்கிற குடைவரைக்குப் போனோம். மகேந்திரவர்ம பல்லவன் தன் பட்டப்பெயர்களையெல்லாம் கல்லில் வெட்டி வைத்த இடம். இப்போது தர்கா. அதனால் சுற்றுலா இடம் மாதிரி நுழையாமல், வழிபாட்டு இடத்துக்குப் போகிற மாதிரி போங்கள். 1,400 வருஷத் தூண் ஓரத்தில் ஒரு பாட்டி பேத்திக்கு மந்திரித்துக்கொண்டிருந்தார். என் தங்கையும் தன் மகளை அந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டாள்.

அண்ணன் பையனுக்கு 10 வயது. 1863 மே 30-ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இதே பல்லாவரத்தில், படை அணிவகுப்பு மைதானத்துப் பக்கம், பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார் என்று தெரியாத்தனமாக அவனிடம் சொல்லிவிட்டேன். பல்லவனுக்கெல்லாம் எவ்வளவோ முந்தைய மனிதன் கையில் பிடித்த கல் அது. அந்த மூன்று நாளும் பையன் பொறுக்கிய கல் வேன் சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டே இருந்தது. நிஜமான கருவிகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும், ஃபூட்டின் சேகரிப்பு அங்கே இருக்கிறது. நாங்கள் போகவில்லை.

பெரிய தப்பு சனிக்கிழமை நடந்தது. மேப்பில் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரிந்ததால், மாங்காடு, குன்றத்தூர், திருநீர்மலை மூன்றையும் காலையிலேயே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மாங்காட்டில் காமாட்சியம்மன் தரிசன வரிசையிலேயே ஒன்றரை மணி நேரம். குன்றத்தூரில் 84 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு, அங்கேயே சேக்கிழார் கட்டிய திருநாகேஸ்வரம் கோயிலையும் எட்டிப் பார்த்தோம். திருநீர்மலை அடிவாரத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியாச்சு. பிள்ளைகளுக்குப் பசி, அண்ணிக்குத் தலைவலி, அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்குத் திரும்பி, ரசம் சாதம் சாப்பிட்டு, தூங்கி எழுந்து ஐந்து மணிக்கு மறுபடி போனோம். அந்த நேரம்தான் சரியான நேரம். பெருமாள் நின்று, இருந்து, கிடந்து, நடந்து என்று நான்கு கோலத்திலும் இருக்கிற தலம். நின்ற கோலத்து நீர்வண்ணர் கீழே, மற்ற மூவரும் மலைமேல். அம்மாவுக்கு முட்டிவலி. "நாலில் ஒருத்தர் என்னைப் பார்க்கத்தானே கீழே நிற்கிறார், நீங்க போயிட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு பரங்கிமலை. வண்டி மேலே வரைக்கும் போகும், அம்மாவுக்கும் கவலை இல்லை. போர்த்துகீசியர் 1523-ல் கட்டிய தேவாலயம், பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து வெட்டிய கற்சிலுவை. பிள்ளைகளுக்கு மதில் ஓரம் நின்று விமானம் இறங்குவதைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது. அண்ணன் மட்டும் ஒரு மார்பளவுச் சிலை முன்னால் நின்றவர் நகரவே இல்லை. வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் இந்த மலையடிவாரத்தில்தான் அவர் சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்து, நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போகிற, இந்தியா முழுவதற்குமான பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அண்ணன் 31 வருஷம் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். "இதை முதல் நாளே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா" என்றார்.

தங்கினது எப்படி என்று கேட்பீர்கள். தங்கை குடும்பத்துக்கு ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜ் எடுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஏசி நின்றுவிட்டது, கேட்க ஆள் இல்லை. அடுத்த நாள் எல்லாரும் எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம்.

மூன்று பிள்ளைக்கு அம்மா:

நீங்களாவது நடை சாத்தின கோயிலோடு தப்பித்தீர்கள். நாங்கள் 9 பேர், புளிசாதம், தயிர்சாதம், குடை, எல்லாம் கட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வண்டலூர் பூங்காவுக்குப் போய் நின்றோம். செவ்வாய் விடுமுறை! சரி, முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்றார் மாமனார். நல்லவேளை ஆட்டோக்காரர் சொன்னார், அங்கேயும் செவ்வாய் விடுமுறைதான். புளிசாதத்தை தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமனார் மட்டும் குஷியாக, 1931-ல் இந்த பீச்–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் விட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த ரயிலிலேயே பீச் வரை போய்த் திரும்பினோம். என் சின்னவன் இன்னும் அந்த ரயிலைத்தான் கேட்கிறான், புலியை இல்லை.

தறிவீட்டுப் பையன்:

குன்றத்தூர் ரோட்டில் போனவர்கள் அனகாபுத்தூரில் வண்டியை நிறுத்தவே இல்லையா? எங்கள் ஊர் கட்டம் போட்ட துணி, பேர்தான் மெட்ராஸ் கைக்குட்டை, உடுத்துகிற துணி அது, ஒரு காலத்தில் நைஜீரியா வரை போனது. அப்பா நெய்ததை அங்கே கல்யாணத்துக்கு உடுத்துவார்கள் என்று கேட்டு நாங்கள் நம்பவே மாட்டோம். இப்போது தறிகள் ரொம்பக் குறைந்துவிட்டன, வாழைநாரில் புடவை நெய்கிறார்கள். அடுத்த முறை வந்தால் போகிற போக்கில் நுழையாதீர்கள், முன்கூட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து "தறியை ஒருதரம் ஓட்டிக் காட்டுங்க" என்று செல்போனை நீட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

குரோம்பேட்டைவாசி:

நிறுத்தவில்லை தம்பி, மாங்காட்டு வரிசை பயத்தில் அப்படியே ஓட்டிவிட்டோம். டிசம்பரில் அண்ணன் மறுபடி வருகிறார், அவரே கேட்டு. அனகாபுத்தூருக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிவிட்டேன், வேறெதையும் சேர்க்கவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை வந்தாக வேண்டும் என்கிறார். கூஜா இன்னும் விற்காமல் இருக்குமாம்.