அரூப ஓவியருக்குக் கண்காட்சி வரலாறு எப்படி அமைய வேண்டும்?

கேள்வி: கடலோர ஓவிய ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் உருவ ஓவியங்களையே வரைந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு, ஆழமில்லாத பாக் விரிகுடாக் கரையில் நீர் பின்வாங்கிய சேற்றை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்ததில், படகும் பனையும் மனிதர்களும் ஒவ்வொன்றாக என் ஓவியத்திலிருந்து விலகி, சாம்பல் நிறமும் நீரின் விளிம்பும் மட்டுமே எஞ்சின. கடந்த 11 ஆண்டுகளாக உருவம் எதுவும் இல்லாத அரூப ஓவியங்களை மட்டுமே வரைகிறேன்.

அண்மையில் சென்னையில் உள்ள ஒரு காட்சிக்கூடத்தார் என் படங்களின் ஒளிப்படங்களைப் பார்த்துவிட்டு, கண்காட்சி வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் மூன்று வரிகளுக்கு மேல் வரவில்லை. கல்லூரி இறுதியாண்டுக் கண்காட்சி; 2018இல் மதுரையில் ஒரு குழுக் கண்காட்சி; 2022இல் இராமநாதபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து நானே நடத்திய கண்காட்சி.

இந்தப் பட்டியலை நீட்டுவதற்காகவே, கடந்த ஆண்டு வேறொரு நகரத்தில் ஓர் அமைப்பாளர் நடத்திய ‘சர்வதேசக் குழுக் கண்காட்சி’க்குக் கட்டணம் செலுத்தி இரண்டு படங்களை அனுப்பினேன். நடைபாதைச் சுவரில் மாட்டினார்கள். சான்றிதழ் வந்தது, படங்களில் ஒன்று மூலை கிழிந்து திரும்பி வந்தது. அந்தச் சான்றிதழை வரலாற்றில் சேர்ப்பதா என்பதே எனக்குத் தெரியவில்லை. பெயர் பெற்ற அரூப ஓவியர்களின் கண்காட்சி வாழ்க்கை உண்மையில் எப்படி அமைந்தது? கடன் வாங்கியாவது சென்னையில் ஒரு தனிக் கண்காட்சி நடத்திவிட்டுத்தான் அந்தக் கூடத்தாருக்குப் பதில் எழுத வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில்: தொண்டியில் பிறந்தவன், சென்னை

தம்பி, நானும் உங்கள் கரையைச் சேர்ந்தவன்தான். முப்பது ஆண்டுகளாகச் சென்னையில் வரைந்துகொண்டிருக்கிறேன். கடன் வாங்காதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

அரூப ஓவியர் வி.எஸ். காய்தொண்டேயின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் நாக்பூரில் பிறந்து, மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தவர். 1957இல் டோக்கியோவில் நடந்த இளம் ஆசியக் கலைஞர்கள் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றார். 1964இல் ராக்பெல்லர் நிதிநல்கையில் நியூயார்க் சென்றார். 1971இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த மூன்று வரிகளை மட்டும் படிப்பவருக்கு, ஓய்வில்லாமல் காட்சிக்கு வைத்துக்கொண்டே இருந்த மனிதர் என்று தோன்றும். ஆனால் அவர் ஆண்டுக்கு ஐந்தாறு கேன்வாஸ்களுக்கு மேல் முடிக்காதவர். உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தை ஏற்றி, வழித்து, மீண்டும் ஏற்றி, நாள் கணக்கில் எதையும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதையும் வேலையின் ஒரு பகுதியாகக் கருதியவர். 1984இல் நேர்ந்த விபத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் பெரிய கேன்வாஸ்களைத் தொட முடியாமல், காகிதத்தில் மையால் சிறிய படங்களை வரைந்தார். 2001இல் மறைந்தார். நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளை ஒருசேரக் காட்சிக்கு வைத்தது 2014 அக்டோபரில்தான். அங்கே சுமார் 45 படைப்புகளே இருந்தன. அவையும் உலகின் பல இடங்களிலிருந்து, பொது நிறுவனங்களிடமும் தனியாரிடமும் இரவல் பெற்றுக் கூட்டியவை. எத்தனை கண்காட்சி என்ற கேள்வி அந்தக் கூடத்தில் யாருக்கும் எழுந்திருக்காது. மையும் காகிதமுமாக இருந்த அந்த ஆண்டுகள் ஏன் அப்படி இருந்தன என்பது சுவரிலேயே தெரிந்திருக்கும்.

நம் பக்கத்தில் இருந்தவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். அச்சுதன் கூடல்லூர் கேரளத்திலிருந்து வந்து சென்னையிலேயே தங்கிவிட்டவர். கட்டடப் பொறியியல் படித்து, வேலை பார்த்துக்கொண்டே, எழும்பூர் கலைக் கல்லூரி வளாகத்தில் இயங்கிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலை நேரங்களில் வரைந்து பழகினார். தொடக்கத்தில் அவரும் உருவங்களைத்தான் வரைந்தார். உருவங்கள் கரைந்து வண்ணம் மட்டும் நின்ற பிறகு, 1988இல் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 2022இல் மறையும்வரை அந்த வண்ணத்தை அவர் விடவில்லை. கே.எம். ஆதிமூலத்தின் பாதையும் அத்தகையதே. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களால் அவரை அறிந்திருந்தவர்கள், பின்னாளில் பரந்த வண்ணப் பரப்புகளை மட்டும் அவர் காட்டியபோது திகைத்தார்கள். கோட்டுக்குப் பெயர் பெற்றவர் கோட்டையே விட்டுவிட்டாரே என்று அந்நாளில் வருந்தியவர்களுள் நானும் ஒருவன். இன்று அவருடைய கண்காட்சிகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்க்கும்போது அந்தத் திருப்பம்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

ஆகவே ஒவ்வொரு கண்காட்சியும் வேலையில் நேர்ந்த ஒரு மாற்றத்துக்குச் சாட்சியாக நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் மூன்று வரிகளில் திருமண மண்டபக் கண்காட்சி அப்படி நிற்கிறது. அது தனிக் கண்காட்சி, அப்படியே எழுதுங்கள். பணம் கட்டி வாங்கிய சான்றிதழை விட்டுவிடுங்கள். தேர்வுக்குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கண்காட்சிகளுக்கு விண்ணப்பியுங்கள்: லலித் கலா அகாடமி 1955 முதல் நடத்திவரும் தேசியக் கண்காட்சி இருக்கிறது, மாநில அளவில் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு இருக்கிறது. கிரீம்ஸ் சாலையில் உள்ள அகாடமியின் மண்டல மையக் கூடத்தை வாடகைக்கு எடுப்பதில் தவறில்லை. ஆனால் பின்னால் அதைச் செய்யலாம், கையில் சொந்தப் பணம் இருக்கும்போது.

பதில்: இராமேஸ்வரம் அக்கா

தொண்டி அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். நான் ஓவியர் இல்லை. அருங்காட்சியகம் ஒன்றில் ஆவணப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள்.

நஸ்ரீன் முகமதி என்ற ஓவியரைப் பற்றித் தம்பி கேள்விப்பட்டிருக்கக்கூடும். 1937இல் கராச்சியில் பிறந்து, லண்டனில் படித்து, 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1990இல் மறைந்தவர். பென்சிலாலும் மையாலும் காகிதத்தில் கோடுகளை மட்டுமே இழுத்து, ஒரு வெளியை உண்டாக்கிய அவருடைய படங்களை உயிரோடு இருந்த காலத்தில் பார்த்தவர்கள் குறைவு. மறைவுக்குப் பிறகு 2007இல் ஜெர்மனியின் டாகுமென்டா கண்காட்சியிலும், 2013இல் டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகத்திலும், 2015இல் மாட்ரிட்டின் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்திலும், 2016இல் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளையான மெட் புரூயர் திறக்கப்பட்டபோதும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவரோ தம் படங்களுக்குத் தலைப்பு இட்டதில்லை. பெரும்பாலானவற்றில் ஆண்டையும் குறிக்கவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்பதைக் கோட்டின் போக்கை வைத்தும் பிற தடயங்களை வைத்தும் பிறர் ஊகிக்க வேண்டியதாயிற்று. உருவ ஓவியமென்றால் உடையோ தெருவோ ஏதாவது ஒன்று காலத்தைச் சொல்லிவிடும். அரூப ஓவியத்தில் அந்த உதவி கிடையாது.

எனவே, தம்பி, இன்றே உங்கள் படங்களின் பின்புறத்தில் ஆண்டு, அளவு, பயன்படுத்திய வண்ணம் ஆகியவற்றைச் சட்டத்தின் மரத்தில் பென்சிலால் எழுதுங்கள். கேன்வாஸில் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும். ஒரு நோட்டில் எந்தப் படம் எந்தக் கண்காட்சியில் இருந்தது, யாரிடம் சென்றது என்று குறித்து வையுங்கள். அந்தத் திருமண மண்டபக் கண்காட்சியின் அழைப்பிதழ் இருந்தால் அதையும் அந்த நோட்டோடு வையுங்கள். நாங்கள் ஆவணம் என்று தேடுவது இத்தகைய தாள்களைத்தான்.

பதில்: கீழக்கரை, சட்டம் போடுபவர்

மூலை கிழிந்து வந்த செய்தி வருத்தமளித்தது. நம் கரையில் உப்புக்காற்றே பாதி எதிரி. சாதாரண ஆணியும் பின்னும் ஓராண்டுக்குள் துருவேறி, கேன்வாஸில் பழுப்புக் கறையாக இறங்கும். ஆகவே துருப்பிடிக்காத எஃகு பின்களையே கேளுங்கள். படத்தைப் பாலித்தீனில் இறுகச் சுற்றி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அக்ரிலிக் வண்ணம் வெப்பத்தில் இளகும் தன்மையுடையது. இரயில் பெட்டியின் சூட்டில் இரண்டு படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும். அனுப்பும்போது சுருட்டியே ஆக வேண்டுமென்றால், அகலமான குழாயில், வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி, இடையில் பட்டர் தாள் வைத்துச் சுருட்ட வேண்டும். வண்ணத்தைப் பாதுகாப்பதாக நினைத்துப் பலரும் உட்பக்கமாகச் சுருட்டுகிறார்கள். அப்போது வண்ணம் நெருக்குண்டு மடிந்து, விரிக்கையில் வெடிக்கிறது.

கேள்வி கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்னபடி நேற்று இரவே தொடங்கி, 40 படங்களுக்குப் பின்னால் எழுதிவிட்டேன். எட்டுப் படங்களுக்கு ஆண்டு நினைவில் வரவில்லை. 2015ஆ 2016ஆ என்று என்னாலேயே சொல்ல முடியாதபோதுதான் நீங்கள் சொன்னதன் பொருள் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. திருமண மண்டபக் கண்காட்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் உறவினரும் மாணவரும் அக்கம்பக்கத்தாரும்தான். கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர் ஒரு சாம்பல் நிறப் படத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, ‘வாடை அடங்குன மறுநாள் தண்ணி இது’ என்றார். அந்தப் படம் உண்மையிலேயே ஒரு மார்கழி வாடைக்காற்றுக்குப் பிறகு, கலங்கிய நீர் தெளியத் தொடங்கிய நாள்களில் வரைந்தது. நான் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கலை விமர்சகரோ கேலரிக்காரரோ ஒருவரும் வரவில்லை. இதைத் தனிக் கண்காட்சி என்று எழுதினால் சென்னையில் உள்ளவர்கள் அதை மதிப்பார்களா, அண்ணா?

பதில்: தொண்டியில் பிறந்தவன், சென்னை

மதிப்பார்கள், தம்பி, மதிக்காதவரிடம் உங்கள் படங்கள் போக வேண்டாம். நம் மாவட்டத்துக்கு ஓவியம் புதிதன்று. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டுச் சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள் இன்றும் இருக்கின்றன. பாரிஸில் குடியேறிய வி. விசுவநாதன், சென்னைக்கு அருகில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தின் தொடக்ககால ஓவியர்களில் ஒருவர், முக்கோணமும் வட்டமுமாக வரைந்த அரூப ஓவியர். அவர் இந்தியக் கடற்கரை நெடுகிலும் பயணம் செய்து மணலைச் சேகரித்தார். கரையை வரையாமலே கரையிலிருந்து ஓவியம் எழ முடியும் என்பதை அவரிடம் நான் கற்றேன்.

அந்தப் பக்கத்தை இப்படி எழுதி அனுப்புங்கள்: 2022, தனிக் கண்காட்சி, இராமநாதபுரம், படங்களின் எண்ணிக்கை. அதற்குக் கீழே, 2018 மதுரைக் குழுக் கண்காட்சியில் வைத்த படங்களில் படகின் விளிம்பு எஞ்சியிருந்ததா, 2022இல் அது முற்றிலும் போய்விட்டதா என்பதை இரண்டே வாக்கியங்களில் சொல்லுங்கள். கல்லூரிக் கண்காட்சியைக் கடைசியில் ஒரு வரியாக வையுங்கள். பெரியவர் நின்ற படத்தை முதல் ஒளிப்படமாக இணையுங்கள். அவர் சொன்னதைச் சேர்க்க வேண்டியதில்லை. கூடத்தார் படங்களை நேரில் பார்க்க விரும்பினால், கீழக்கரைத் தம்பி சொன்னபடி கட்டி, சேது விரைவு இரயிலில் நீங்களே கொண்டுவாருங்கள். எழும்பூர் நிலையத்தில் இறங்கும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் நான் வந்து நிற்கிறேன்.