‘ரிமோட் வயர்’: விழிப்புக் கம்பி என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் கார் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்புக் கையேட்டுக்காக ‘ரிமோட் வயர்’ என்பதற்கு இதுவரை தொலையியக்கக் கம்பி, தூண்டுகம்பி, எழுப்புக் கம்பி ஆகிய மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நான்காவதாக விழிப்புக் கம்பி என்பதை முன்வைக்கிறேன். அந்தக் கம்பி என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆம்ப்ளிஃபயரைப் ‘பெருக்கி’ என்றே எழுதுகிறேன். ‘ஒலிபெருக்கி’ ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை இங்கே இழுத்தால் வாசகர் கதவில் உள்ள ஸ்பீக்கரைக் கழற்றத் தொடங்கிவிடுவார்.

பெருக்கிக்கு மின்சாரம் தொடர்பாக மூன்று இணைப்புகள் உண்டு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் தடித்த கம்பி ஒன்று. காரின் உடற்தகட்டில் முறுக்கப்பட்ட தடித்த கம்பி (எர்த்) இன்னொன்று. மூன்றாவது, ஸ்டீரியோவின் பின்புறத்திலிருந்து வரும் மெல்லிய கம்பி; பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். இதுதான் ‘ரிமோட் வயர்’. பேட்டரிக் கம்பியில் எந்நேரமும் 12 வோல்ட் இருந்தாலும் அதனால் மட்டும் பெருக்கி இயங்காது. ஸ்டீரியோவை இயக்கியதும் மெல்லிய கம்பியிலும் 12 வோல்ட் வர வேண்டும். பெருக்கிக்குள் இருக்கும் மின்வழங்கியின் (பவர் சப்ளை) கட்டுப்பாட்டுச் சில்லு (பல கருவிகளில் டிஎல்494) அதனால்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. அதன் பிறகே பேட்டரியின் 12 வோல்ட் வளைய மின்மாற்றி வழியாக உயர்ந்த மின்னழுத்தமாகிறது. மெல்லிய கம்பியில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம்தான்.

ஆகவே ‘தொலையியக்கக் கம்பி’ பொருந்தாது. படிப்பவருக்கு டிவி ரிமோட்தான் நினைவுக்கு வரும். ‘தூண்டு’ என்றால் மின்காந்தத் தூண்டலோடு குழப்பம். ‘எழுப்பு’ நல்ல சொல், ஆனால் எழுப்பியதோடு வேலை முடிந்தது என்ற பொருளைத் தருகிறது. இந்தக் கம்பியின் வேலை அப்படி முடிவதில்லை. 12 வோல்ட் இருக்கும்வரை பெருக்கி விழித்திருக்கும். அது போனால் அக்கணமே உறங்கிவிடும்.

இந்த வேறுபாடு பழுது பார்க்கும்போது உண்மையிலேயே உதவுகிறது. எஃப்எம் ஓடும்போது பெருக்கி இயங்குகிறது, புளூடூத்துக்கு மாற்றினால் அணைந்துவிடுகிறது என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உருகி (ஃபியூஸ்) நன்றாக இருக்கிறது, பேட்டரியும் சரி. கோடு போட்ட கம்பிக்குப் பதிலாகக் கோடில்லாத வெறும் நீலக் கம்பியில் பெருக்கியை இணைத்திருப்பார்கள். அது மின் ஆன்டெனாவுக்கு உரியது. பல ஸ்டீரியோக்களில் வானொலி ஓடும்போது மட்டுமே அதில் மின்னழுத்தம் இருக்கும். ‘எழுப்புக் கம்பி’ என்று படித்தவர், எழுந்துவிட்டதே என்று அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுவார். ‘விழிப்புக் கம்பி’ என்று படித்தவர் புளூடூத் ஓடும்போதும் அதில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்.

பெருக்கி இயங்கவே இல்லை என்றாலும் சோதனை இதே வழியில்தான் போகிறது. மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின் (டிசி) அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பெருக்கியின் எர்த் முனையிலேயே பிடிக்க வேண்டும். கார் உடலில் வேறெங்காவது பிடித்தால் எர்த் இணைப்பின் குறை தெரியாமல் போகும். சிவப்பு முனையைப் பேட்டரிக் கம்பியில் வைத்தால், எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை என்றால் பேட்டரி அருகே உள்ள உருகியைப் பார்க்க வேண்டும், அல்லது எர்த்தை: பெயின்ட்டைச் சுரண்டாமல் முறுக்கிய போல்ட் அடிக்கடி காணும் குறை. பேட்டரிக் கம்பி சரியாக இருந்து, ஸ்டீரியோ ஓடும்போதும் விழிப்புக் கம்பியில் மட்டும் சுழியம் என்றால், பழுது ஸ்டீரியோ பக்கத்திலோ இடைப்பட்ட கம்பியிலோ இருக்கிறது. உறுதிசெய்ய, பேட்டரி முனையிலிருந்து விழிப்பு முனைக்கு ஒரு சிறு கம்பியைக் கணநேரம் தொட வைக்கலாம். எர்த் முனையில் அது பட்டுவிடக் கூடாது. பெருக்கியின் மேலுள்ள விளக்கு எரிந்தால் அதன் மின்வழங்கி விழித்துக்கொள்கிறது என்று பொருள்.

பல பெருக்கிகளில் சிவப்பு விளக்கு எரிவது வேறு கதை. பெருக்கி விழித்திருக்கிறது, ஆனால் தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை நிறுத்தியிருக்கிறது. ‘புரொடெக்ட் மோட்’ எனப்படும் அந்த நிலைக்கு முன்னரே நண்பர்கள் சொன்ன ‘தற்காப்பு நிலை’ மிகப் பொருத்தம், அப்படியே வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. கம்பெனி பொருத்தித் தரும் பல ஸ்டீரியோக்களில் இந்த மெல்லிய கம்பியே கிடையாது. சில பெருக்கிகள் ஸ்பீக்கர் கம்பிகளில் நிற்கும் ஏறத்தாழ 6 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை உணர்ந்து இயங்கிக்கொள்கின்றன. அந்த மின்னழுத்தத்தை ‘விழிப்புக் குறிகை’ (குறிகை என்றால் சிக்னல்) எனலாம். அடிச்சொல் ஒன்றாக இருப்பதால் வாசகருக்குத் தொடர்பு புரியும்.

பெருக்கியை இலங்கைப் பாடநூல்கள் ‘விரியலாக்கி’ என்கின்றன. அங்குள்ள நண்பர்கள் கையேட்டைப் பயன்படுத்தப்போவதால் சொற்பட்டியலில் இரண்டையும் தர வேண்டும். சுற்றுப்படத்தில் ‘விழிப்புக் கம்பி’ என்பதன் பக்கத்தில் ‘ஆர்.இ.எம்.’ (ரிமோட் என்பதன் சுருக்கம்) என்றும் குறிக்க வேண்டும். கருவியின் மேல் பொறித்திருப்பது அதுதான். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள், குறிப்பாகக் கார் ஆடியோ பட்டறையில் வேலை செய்பவர்கள்.