பருவநிலையை நினைத்து மகள் தூங்குவதே இல்லை, என்ன செய்வது?

பிடோக் அம்மா:
என் மகள் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. கொஞ்ச நாளாக ராத்திரி முழுக்கக் கைப்பேசியில் வெள்ளம், காட்டுத்தீ என்றே பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2100க்குள் இங்கே சிங்கப்பூரில் கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரலாம் என்று படித்தாளாம், அன்றிலிருந்து "நம்ம வீடு ஈஸ்ட் கோஸ்ட் பக்கம்தானே, நான் எதுக்கு இவ்வளவு படிக்கணும்" என்கிறாள். அவள் அப்பா "அதெல்லாம் அரசாங்கம் பாத்துக்கும், நீ படி" என்றதும் போய்க் கதவைச் சாத்தியவள் சாப்பிடவும் வெளியே வரவில்லை. நான் ஏர்கான் போட்டால் எழுந்து வந்து அணைக்கிறாள். திட்டவும் மனசு வரவில்லை.

சேற்றுக்கால்:
அக்கா, பாலிடெக்னிக்கில் படித்தபோது நானும் இப்படித்தான் இருந்தேன். அரசாங்கம் பார்க்கிறது என்பது உண்மைதான், கரையைக் காக்க 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையிலேயே அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார், ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அப்பால் கடலைத் தூர்த்து 'லாங் ஐலண்ட்' அமைக்கும் திட்டமும் இருக்கிறது. ஆனால் பயந்து போயிருக்கும் பிள்ளையிடம் எடுத்தவுடன் அதைச் சொன்னால், வாயை மூடு என்றுதான் காதில் விழும். முதலில் அவள் பேசி முடிக்கட்டும். அப்புறம் அலையாத்திக் காட்டுத் துப்புரவுக்கு அனுப்புங்கள், நீங்களும் கூடவே போங்கள். முழங்கால்வரை சேற்றில் நின்று, வேர்களில் சுற்றிக்கிடக்கும் மீன்வலையை இழை இழையாக அறுத்து எடுக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் தானாகப் பேச்சு வரும். எனக்கும் இந்தப் பயம் இருக்கு என்று இன்னொருவர் வாயால் நான் முதன்முதலில் கேட்டது அங்கேதான்.

கணக்கு வாத்தியார்:
துப்புரவு நல்லதுதான், ஆனால் உலகமே தன் கையில் என்ற பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிடாதீர்கள். இங்கே வெளியேறும் கரிமத்தில் பெரும்பங்கு மின்நிலையங்களும் தொழிற்சாலைகளும் விடுவது. அதற்குத்தான் கரிம வரி 2024ல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026ல் 45 வெள்ளி என்று ஏறியிருக்கிறது. புழுக்கமான ராத்திரியில் அவள் ஏர்கான் போட்டுத் தூங்கினால் குற்றமில்லை, இதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

ஜூரோங் தாதி:
இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2021ல் 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுவரை உள்ள 10,000 பேரிடம் கேட்ட ஆய்வில், பருவநிலைக் கவலை அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறது என்று 45 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆனால் தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டது என்றால் தள்ளிப்போடாதீர்கள். கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள், 1771 என்ற மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பிடோக் அம்மா:
ரொம்ப நன்றி. ஆலோசகரிடம் நாளைக்கே பேசுகிறேன். அவள் அப்பாவையும் துப்புரவுக்கு இழுத்துவரப் பார்க்கிறேன். தம்பி, சேற்றுக்கு என்ன காலணி?

சேற்றுக்கால்:
கணுக்காலை மூடும் பழைய ஷூ அக்கா, கயிறு இறுக்கிக் கட்டணும். செருப்பு வேண்டாம், சேறு இழுத்துக்கொள்ளும்.