இடையன்குடி போவதற்கு முன் (எங்கள் குடும்பக் குழுவில்)

மதுரை சித்தப்பா: சனிக்கிழமை திருச்செந்தூர் வருகிறோம். அப்படியே பிள்ளைகளைக் கால்டுவெல் இருந்த இடையன்குடிக்குக் கூட்டிப் போகலாமா என்று யோசனை. பெரியவனுக்குக் கால்டுவெல் பாடம் வருகிறது. மெரினா சிலை, திராவிட மொழிகளுக்கு அவர் எழுதிய ஒப்பிலக்கணம், அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு.

பெரியப்பா: அவசியம் கூட்டிப் போ தம்பி. முதலில் அவர் கட்டிய கோயிலுக்குள் போங்கள், அவர் வீட்டை அப்புறம் பார்க்கலாம். 1847-இல் கட்ட ஆரம்பித்த கோயில், பிரதிஷ்டை 1880 ஜூலை 6-இல்தான் நடந்தது. 33 வருஷம்! அந்த ஆல்டருக்கு (பலிபீடத்துக்கு) கீழேதான் அவரை அடக்கம் பண்ணியிருக்கிறது.

தூத்துக்குடி அத்தை: நம் திருநெல்வேலிக்கு முதல் பிஷப் அவர்தானே அண்ணே?

பெரியப்பா: எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் இல்லை. 1877 மார்ச்சில் கல்கத்தாவில் கால்டுவெல்லையும் சார்ஜென்டையும் ஒரே நாளில் பிஷப்பாக அபிஷேகம் பண்ணினார்கள். கால்டுவெல் எஸ்.பி.ஜி. என்ற மிஷன் சங்கத்தின் சபைகளுக்கு, சார்ஜென்ட் சி.எம்.எஸ். என்ற இன்னொரு மிஷன் சங்கத்தின் சபைகளுக்கு. இருவரும் மெட்ராஸ் பிஷப்புக்கு உதவி பிஷப்புகள்தான். திருநெல்வேலி தனி பிஷப்புக்கு உட்பட்ட அத்தியட்சாதீனமானது 1896-இல், முதல் பிஷப் மோர்லி. அதற்கு ஐந்து வருஷம் முன்பே கால்டுவெல் காலமாகிவிட்டார்.

சென்னை அக்கா: பெரியப்பா, அவர் அயர்லாந்துக்காரர் என்றும் ஸ்காட்லாந்துக்காரர் என்றும் இரண்டு விதமாகப் போடுகிறார்களே?

பெரியப்பா: 1814-இல் பிறந்தது அயர்லாந்தில், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், படித்துப் பட்டம் வாங்கியது கிளாஸ்கோவில். 1838 ஜனவரியில் லண்டன் மிஷன் ஊழியராக மெட்ராஸில் வந்து இறங்கினார். அதே கப்பலில்தான் தெலுங்கு அறிஞர் சி.பி. பிரவுனும் வந்தார். மெட்ராஸில் மூன்று வருஷம் தமிழ் படித்துவிட்டு ஆங்கிலிக்கன் சபைக்கு மாறினார். 1841-இல் தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றிக்கொண்டு நடந்தே தென்பக்கம் வந்தார், வழியில் ஊட்டியில் குருப்பட்டம். மாட்டுவண்டியில் போயிருக்கலாம், ஆனால் ஜனங்களோடு பேசிப் பழக வேண்டும் என்று நடந்தார். எனக்கு அந்த மனுஷரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

பெரியப்பா: சொல்ல விட்டுப்போனது. ஒப்பிலக்கணத்தின் முதல் பதிப்பு 1856-இல் லண்டனில் வந்தது, ஓய்வுக்காக ஊருக்குப் போயிருந்த சமயம். இடையன்குடித் தேரி மணலில் (செம்மணலில்) பனைக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே கேட்டுக் குறித்து வைத்ததெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. பெரியவனிடம் இதைச் சொல்.

தூத்துக்குடி அத்தை: அவர் மனைவி எலைசா அம்மாவை மறந்துவிட்டீர்களே. நாகர்கோவில் மிஷனரி மால்ட் ஐயர் மகள். 1844-இல் கல்யாணம் ஆகி வந்ததும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நாலெழுத்துப் படித்து, கையில் சொந்தமாக நாலு காசும் பார்த்த பெண்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சிலை வைக்கும்போது அவருக்கும் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

சென்னை அக்கா: அத்தை சொல்வது சரி. ஆனால் கால்டுவெல்லின் 1849 புத்தகத்தைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? நாடார்களைப் பற்றி அவ்வளவு இழிவாக எழுதினாரே. பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: சொல்லத்தான் வேண்டும் அம்மா. இங்கிலாந்தில் இருப்பவர்கள் படித்து மிஷனுக்கு உதவ வேண்டும் என்று எழுதியது, ஆனால் யாரோடு குடியிருந்தாரோ அவர்களையே மட்டம் தட்டி எழுதினார். நம் தாத்தாக்கள் காலத்திலும் அந்த ரணம் ஆறவில்லை. மிஷனில் உபதேசியாராக இருந்த சட்டாம்பிள்ளை வெள்ளைக்காரர் துணையே வேண்டாம் என்று பிரகாசபுரத்தில் தனிச் சபை தொடங்கினாரே, அந்தக் கோபத்தில் இந்தப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. எதிர்த்து மனுக்கள் போயின, கடைசியில் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்களுக்காக ஓடியாடியவரும் இதே மனுஷர்தான். அதற்காக இதை மறைக்கக் கூடாது.

மதுரை சித்தப்பா: ரிட்டையர் ஆனபின் ஊருக்குத் திரும்பிவிட்டாரா அண்ணே?

பெரியப்பா: எங்கே திரும்பினார்! 1891 ஜனவரி கடைசியில்தான் பதவியை விட்டார், வயது 76. கொடைக்கானலில் போய்த் தங்கினார், அதே ஆகஸ்ட் 28-இல் காலமானார். ஓய்வு ஏழு மாதம்தான். மலையிலிருந்து உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

மதுரை சித்தப்பா: சரி, முடிவு பண்ணிவிட்டேன். திருச்செந்தூரிலிருந்து உவரி வழியாக வரலாமா?

பெரியப்பா: வரலாம், திசையன்விளைக்குப் பக்கம்தான். நேரம் இருந்தால் கொற்கையையும் பார்த்துவிடு. 1870களிலேயே அங்கே மண்ணைத் தோண்டிப் பழைய துறைமுகத்தைத் தேடியவர் அவர். அது தூத்துக்குடிப் பக்கம், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

தூத்துக்குடி அத்தை: அப்படியானால் வெள்ளிக்கிழமை ராத்திரியே இங்கே வந்துவிடு தம்பி. சாப்பாடு நம் வீட்டில்.