ஹில் கன்ட்ரி புள்ளிமான் தொல்லை: நேர்ல பார்த்ததை எழுதுங்க

ஜங்ஷன்வேலி:
எட்டடி வேலி போட்டாச்சு, இனி புள்ளிமான் உள்ள வராதுன்னு நம்புறவங்களுக்கு இது. டெக்சஸோட ஹில் கன்ட்ரி மேட்டுப் பகுதியில, கெர், கிம்பிள் கவுண்டி பக்கம் நிலம் வச்சிருக்கறவங்களுக்கு முன்கதை வேண்டாம்; மத்தவங்களுக்கு: இந்தியாவிலிருந்து வந்த புள்ளிமான் இங்க பெருகிப்போய் மேய்ச்சலைத் தின்னு தீர்க்குது. ஓடை வேலியைக் குறுக்கே கடக்கிற இடத்துல தொங்குற தகரத் தடுப்பு (வாட்டர் கேப்), வெள்ளம் வடிஞ்ச காலையில ஒரு ஓரமா மடங்கிக் கிடந்துது. கீழ ஒரு அடி சந்துதான். கிழட்டுப் பெட்டை ஒண்ணு முன்னங்காலை மடக்கி, கழுத்தைத் தரையோட தாழ்த்தி நுழைஞ்சுது. கம்பி முதுகுல உரசி ரோமம் கொத்தா மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் போய் நின்னு திரும்பிப் பார்த்துச்சு, அப்புறம் மொத்தக் கூட்டமும் வரிசையா அதே சந்து வழியா. ஒண்ணுகூடத் தாண்டிப் பார்க்கலை.

இந்த மண்ணோட வெள்ளைவால் மான் வேலியைத் தாண்டும். புள்ளிமானால தாண்ட முடியும்னாலும் முதல்ல அடியிலதான் வழி தேடும். அடிக்கம்பியை இறுக்காம மேல வலையை உயர்த்துறது தண்டச் செலவு. வாட்டர் கேப்புக்கு மேல எஃகு வடம் கட்டி, தகரத்தைத் துண்டு துண்டா தனித்தனியாத் தொங்கவிடுங்க. தண்ணி வந்தா ஒதுங்கணும், வடிஞ்சா தானா இறங்கணும். கட்டையும் குப்பையும் சிக்கிட்டா இறங்காது, அதனால ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒரு நடை போய்ப் பார்க்கணும்.

ஏழாம்மைல்:
வேலி சரி பண்ணிட்டா உள்ள இருக்கறது குறைஞ்சிடுமா? காசு குடுத்து வேட்டைக்கு நிலத்தை லீஸ் எடுத்து வர்றவங்க கிடாவை மட்டும் சுடுறாங்க. கொம்புக்குத்தானே காசு குடுக்கறாங்க! 40 பெட்டை இருக்கிற நிலத்துல வருஷம் 30 குட்டி தேறினா அதுல பாதி பெட்டை. 10 கிடாவைச் சாய்ச்சா அந்தக் கணக்குல ஒண்ணும் நகராது, மிச்சம் இருக்கிற ஒரு கிடாவே போதும். ஒப்பந்தத்துல "கிடா ஒண்ணுக்கு முன்னாடி பெட்டை மூணு"ன்னு எழுதி வாங்குற நிலத்துல மட்டும்தான் புல் திரும்ப எழுந்திருக்கு.

மறக்க முடியாத விஷயம் வேற. ஓட்ஸ் விதைச்ச துண்டுல கூட்டம் நெருக்கமா மேயுது. .308 ரைஃபிள்ல ஒரே வெடி, ரெண்டு பெட்டை விழுந்துது. முன்னால நின்னதோட விலாவுக்குள்ள புகுந்து வெளியேறின குண்டு, பின்னால நின்னதோட இடுப்பை உடைச்சிருக்கு. அது முன்னங்காலால மட்டும் இழுத்துக்கிட்டே கல்லிடுக்கு வரைக்கும் போச்சு. வெள்ளைவால் இப்படி ஒட்டி நிக்காது, அதனால இங்க பழகினவங்களுக்கு இது தோணாது. பின்னால வெறும் மண்ணு தெரியற வரைக்கும் விரல் டிரிக்கருக்கு வெளியே இருக்கணும். பெட்டைக்கு அதைவிடச் சின்ன குண்டு போடற .243 தாராளம். சுண்ணாம்புப் பாறை மேட்டை நோக்கிச் சுடாதீங்க, குண்டு தெறிச்சு எங்க போகும்னு சொல்ல முடியாது.

தெற்கு_லானோ:
@ஏழாம்மைல் பெட்டைக் கணக்கு சரி. ஆனா "மூணு பெட்டை"ன்னு எழுதிக் குடுத்துட்டா, வர்றவன் கொம்பில்லாத எதையும் சுடுவான். புள்ளிமான் கிடா கொம்பு உதிர்க்கிறதுக்குக் காலமே கிடையாது. ஒரே கூட்டத்துல ஒண்ணு முத்தின கொம்போட, ஒண்ணு வளர்ற கொம்பை மூடின மெல்லிய தோலோட (வெல்வெட்), ஒண்ணு மொட்டைத் தலையோட நிக்கும். ட்ரெய்லர்ல கிடந்த "பெட்டை"யோட நெத்தியில, கொம்பு கழன்ற இடத்துல ரெண்டு காயம் ஈரம் காயாம இருந்துது. கழுத்துப் பருமனையும் முகத்துல இருக்கற கருப்பையும் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

குட்டியும் அப்படித்தான், எந்த மாசமும் போடும். வெள்ளைவாலுக்கு வேட்டை சீசன் இருக்கறதால குட்டி தானா மேயப் பழகின பிறகுதான் தாயைச் சுடுறோம். இதுக்கு அந்தக் காப்பு இல்லை. மடி கனத்துத் தெரிஞ்சா விட்டுடுங்க, குட்டி எங்கயோ புல்லுக்குள்ள படுத்திருக்கும்.

காத்தாடிமேடு:
எல்லாரும் துப்பாக்கியையே பேசறீங்க. 2021 பிப்ரவரிப் பனிப்புயலை மறந்தாச்சா? வேலி ஓரமா, சீடர் மரத்தடியில புள்ளிமான் குவியலா செத்துக் கிடந்துது. ஒண்ணு நின்ன நிலையிலேயே வலைக்கம்பியில சாய்ஞ்சபடி விறைச்சுப் போயிருந்துது. வெப்ப நாட்டு உயிர், உடம்புல கொழுப்பே கிடையாது. குளிர் செஞ்ச வேலையை எந்த லீஸ்காரனும் செய்யலை. இயற்கை பார்த்துக்கும்.

கெர்வில்_ஓடை:
@காத்தாடிமேடு பார்த்துக்கலையே! செத்தது போக மிஞ்சினதுக்கு மேய்ச்சல் தாராளமாக் கிடைச்சுது, கொஞ்ச வருஷத்துல பழையபடி கூட்டம் சேர்ந்துடுச்சு. 1932-ல இந்தியாவிலிருந்து இங்க கொண்டுவந்து விட்டப்ப கூடவே புலியையும் செந்நாயையும் கொண்டுவரலை. நம்ம ஊர்க் காட்டுல புள்ளிமானை அளவோட வைக்கிறது அதுங்கதான்.

அடுத்து, வெள்ளைவால் என்ன ஆகும்னு யோசிங்க. அது செடி, தழை, ஓக் காய் தின்னும். முத்தின புல்லை அதால செரிக்க முடியாது. புள்ளிமான் புல்லைத் தின்னும், புல் தீர்ந்தா தழைக்கும் வந்துடும். கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில 1971-ல 96 ஏக்கர் அடைப்புக்குள்ள 6 வெள்ளைவால், 6 சிக்கா மான் விட்டாங்க. சிக்காவும் வெளிநாட்டு மான்தான், இப்படிப் புல், தழை ரெண்டும் தின்னற ஜாதி. 1979-க்குள்ள வெள்ளைவால் ஒண்ணுகூட மிஞ்சலை, சிக்கா பல மடங்கு பெருகியிருந்துது.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன்: எத்தனை சுடணும்னு பேசறதுக்கு முன்னாடி எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. தீவனம் போடற இடத்துல மாட்டின ஃபீடர் கேமராப் படத்தை வச்சு எண்ணாதீங்க, ஒரே கிடா ஒரே ராத்திரியில அம்பது தடவை விழுந்திருக்கும். நிலத்துக்குள்ள போற வண்டிப்பாதை ஒண்ணை நிரந்தரமா வச்சுக்குங்க. முன்கூட்டியே பத்துல ஒரு மைலுக்கு ஒரு தடவை நிறுத்தி, ரெண்டு பக்கமும் எத்தனை கஜம் வரைக்கும் மான் கண்ணுக்குத் தட்டுப்படும்னு அளந்து எழுதுங்க. பாதை 5 மைல், ரெண்டு பக்கமும் சேர்த்துச் சராசரி 220 கஜம்னா: 8,800 கஜம் பெருக்கல் 220, வகுத்தல் 4,840. பார்த்த பரப்பு 400 ஏக்கர். சூரியன் சாய்ஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு, மழையோ பலத்த காத்தோ இல்லாத ராத்திரியாப் பார்த்து, ஸ்பாட்லைட்டோட மெதுவாப் போங்க. ஒரு ராத்திரி எண்ணிக்கை செல்லாது, மூணு ராத்திரியாவது வேணும். வெள்ளைவால் பரவலா நிக்கும், புள்ளிமான் கூட்டமா நிக்கும். முதல் ராத்திரி 60, மறுநாள் 4-னு வந்தா அளவு தப்பில்லை, கூட்டம் பக்கத்து நிலத்துக்குப் போயிருக்கு. அதனால வேலி தாண்டி இருக்கறவரும் அதே ராத்திரி எண்ணினாத்தான் உருப்படியா ஏதாவது தெரியும். ராத்திரி லைட் அடிக்கறதுக்கு முன்னாடி வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கிற அதிகாரிக்கு (கேம் வார்டன்) தகவல் சொல்லிடுங்க, இல்லாட்டி திருட்டு வேட்டைன்னு யாராவது புகார் குடுப்பாங்க.

நில வரி பத்தியும் ஒரு வார்த்தை. விவசாய மதிப்பீட்டிலிருந்து வனவிலங்கு மதிப்பீட்டுக்கு மாறணும்னா ஏழு வேலைகள்ல மூணையாவது செஞ்சு காட்டணும், கணக்கெடுப்பு அதுல ஒண்ணு. ஆனா அது மண்ணின் விலங்குக்கு மட்டும். வெள்ளைவாலுக்காக எண்ணினா சேரும், புள்ளிமானுக்காகன்னு எழுதினா மதிப்பீட்டு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. ரெண்டையும் தனித்தனிப் பத்தியில எழுதி வைங்க.

ஏழாம்மைல்:
@கெர்வில்_ஓடை இதையெல்லாம் படிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னொரு ஈத்து குட்டி போட்டுடும். பெட்டையைச் சுடுங்க, பிறகு எண்ணுங்க.

தெற்கு_லானோ:
எண்ணாம சுட்டா அடுத்த வருஷம் குறைஞ்சுதா கூடிச்சான்னு எதை வச்சுச் சொல்வீங்க? அப்புறம், புதுசா நிலம் வாங்கினவங்க கவனத்துக்கு: புள்ளிமானுக்கு சீசன் இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, சுட்டதுக்கு டேக் (அடையாளச் சீட்டு) ஒட்ட வேண்டாம், எல்லாம் உண்மை. ஆனா வேட்டை லைசென்ஸ் வேணும். காட்டுப்பன்னிக்கு 2019-ல விலக்கு குடுத்தாங்க, புள்ளிமானுக்குக் குடுக்கலை. ரெண்டையும் குழப்பிக்கிட்டு அபராதம் கட்டறவங்க இருக்காங்க.

மெடினாக்கரை:
ஒருத்தரும் கறியைப் பத்திச் சொல்லலையே. வருஷம் பூரா சுடலாம்னா ஆகஸ்ட்லயும் சுடுவீங்க. பிக்கப் பின்னாடி வயிறு திறக்காமப் போட்டுட்டு அடுத்த மானைத் தேடிப் போன ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். திரும்பி வர்றதுக்குள்ள வயிறு பலூனாட்டம் உப்பி, தோலை இழுத்தா ரோமம் கையோட வந்துது. மூணு பெட்டை, முழுசும் கழுகுக்கு.

வெயில் காலத்துல அரை மணி நேரத்துக்குள்ள குடல் வெளியே வரணும். கத்தி முனை மேல் பார்த்து, ரெண்டு விரல் நடுவுல வச்சுத் தோலைப் பிளங்க, இரைப்பையில முனை படக்கூடாது. மூத்திரப்பையை அழுத்தாம கடைசியா எடுங்க. உள்ள தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, துணியால துடைச்சாப் போதும். ஐஸ் பையைக் குடல் எடுத்த வயித்துக்குள்ள திணிச்சு, வீட்டுக்கு வந்ததும் தோலுரிச்சு, கறி 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இறங்கணும். பெட்டியில ஐஸ் மேல வைக்கறப்ப கீழே உள்ள வடிகால் அடைப்பைத் திறந்தே விடுங்க, ஊறின கறி வெளுத்துச் சப்புன்னு போயிடும். கொத்துக்கறி போடறதா இருந்தா செம்புக் குண்டு பயன்படுத்துங்க, ஈயக் குண்டு பொடியா உடைஞ்சு காயத்தைத் தாண்டியும் பரவியிருக்கும்.

பத்து பெட்டை விழுந்தா விக்கலாமான்னு கேக்கறாங்க. நீங்க சுட்டதை விக்க முடியாது, குடுக்கத்தான் முடியும். ஓட்டல்ல வர்ற புள்ளிமான் கறி, இன்ஸ்பெக்டரும் கூடவே வர்ற நடமாடும் கறி வெட்டும் வண்டி வச்சு எடுக்கறது. பெரிய நிலம்னா அவங்களையே வரச் சொல்லலாம். ஆனா வர்றதுக்கு ஒத்துக்கணும்னா கூட்டம் பெருசா இருக்கணும், வண்டி போற பாதையும் வேணும்.