மாணவர் பேரவையோடு உங்களுக்கு நடந்த, இன்னும் மனசை விட்டுப் போகாத சம்பவம் எது?

கடைசிவரிசை:

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியப் பல்கலை, பெயர் வேண்டாம். ஆண்டு முடிவில் நடக்கிற ஜிபிஎம், அதாவது எல்லா மாணவருக்குமான பொதுக்கூட்டம். மெஸ் சாப்பாடு முடிந்து ஆரம்பித்தது, நள்ளிரவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: அறிக்கை, அறிக்கை மேல் விவாதம், தீர்மானம், திருத்தம், திருத்தத்துக்கு ஒரு திருத்தம். கணக்கு மட்டும் எப்போதும் கடைசி.

பொருளாளர் மளமளவென்று படித்து முடித்தார். இளங்கலை முதலாண்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "இதர செலவுகள் என்று ஒரே வரியில் இவ்வளவு பெரிய தொகை இருக்கிறதே, அதில் என்னென்ன அடக்கம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேள்வி. பொருளாளர் தாளைப் புரட்டினார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "கோரம் இல்லை!" கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் இல்லை என்று அர்த்தம். தலை எண்ணினார்கள். உண்மையிலேயே இல்லை. கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார்கள்.

அதே ஆட்களை வைத்துக்கொண்டுதான் சற்று முன்பு இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியிருந்தார்கள். அப்போது யாரும் எண்ணவில்லை. மைக்கை அணைத்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். அந்தக் கணக்கு மறுபடி எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அடுத்த தேர்தல், அடுத்த பேரவை, போயிற்று.

பேரவைக் கட்டணம் அவளும்தானே கட்டியிருந்தாள்? அதுதான் என்னை இன்னும் அரிக்கிறது.

கங்காடாபா:

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலை (ஜேஎன்யூ), இளங்கலை ஜப்பானிய மொழி, 2012-க்கு அப்புறம் சேர்ந்தவள். கடைசிவரிசை சொன்ன கோரம் விளையாட்டு பல இடங்களில் நடப்பதுதான். ஆனால் மாணவர்கள் தங்களைத் தாங்களே ஆள்வது என்றால் எனக்கு வேறொரு காட்சிதான் கண்ணில் வரும்.

அங்கே தேர்தலை நிர்வாகம் நடத்தாது. மாணவர்களிலிருந்தே ஒரு தேர்தல் குழு அமையும். மனு சரிபார்ப்பது, தலைவர் வேட்பாளர்களை ஒரே மேடையில் ஏற்றி விவாதிக்க வைப்பது, ஓட்டு எண்ணுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த விவாதத்தைப் பற்றி ஊரே எழுதியாயிற்று, அதை விடுங்கள். நான் சொல்ல வருவது எண்ணிக்கை நடக்கிற இரவு.

நான் வாசலில் தன்னார்வலர். என்னோடு நின்றவன் ரஷ்ய மொழி படிக்கிற இரண்டாமாண்டு பையன். எல்லாரும் மதிக்கிற ஒரு பேராசிரியர் உள்ளே எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். "பாஸ் இருக்கா சார்?" என்று கேட்டான். இல்லை. "மன்னிக்கணும் சார், குழுத் தலைவர் சொன்னால்தான் விட முடியும்." அவர் ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். எனக்குக் கை வியர்த்துவிட்டது. வாத்தியார் வந்தால் எழுந்து நின்றே வளர்ந்த ஊர் என்னுடையது. அவர் தலையாட்டிவிட்டு, வெளியே டப்லி மேளம் அடித்துப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் அங்கேதான் இருந்தார்.

அந்த வாசல் சும்மா கிடைத்ததில்லை. மாணவர் தேர்தலுக்காக லிங்டோ குழு வகுத்த விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தேர்தலை நிறுத்தியது. 2012 மார்ச்சில்தான் மறுபடி நடந்தது. நடுவில் படித்த சீனியர்கள், ஒரு மனு எழுதினால் அதில் யார் பேரில் கையெழுத்துப் போடுவது என்பதே பெரிய பேச்சாகிவிடும் என்பார்கள்.

ரோல்நம்பர்7:

உங்களுக்கெல்லாம் கூட்டமாவது நடந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. எங்கள் அப்பா காலத்தில் சேர்மன் எலெக்‌ஷன், ஊர்வலம் எல்லாம் இருந்ததாம். எங்கள் காலத்தில் துறைத் தலைவர் பார்த்து ஒருவரைப் போடுவார், அவர்தான் மாணவர் மன்றப் பிரதிநிதி. கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு வரப்போகிறது என்றால் மட்டும் மன்றத்துக்கு உயிர் வரும்.

ஒரு நாள் காலை எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் கூட்டக் குறிப்பு தட்டச்சு செய்து தயாராக இருந்தது. "இன்று பிற்பகல் 3 மணிக்கு நடைபெற்ற கூட்டத்தில் மாணவப் பிரதிநிதிகள் நூலக நேரம் குறித்து மனநிறைவு தெரிவித்தனர்." அப்போது மணி 11 கூட ஆகவில்லை. நூலகத்தைச் சாயங்காலம் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள் என்பதுதான் விடுதிப் பிள்ளைகளின் முதல் புகாரே. வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவள் வணிகவியல், அதிகம் பேசமாட்டாள். கையெழுத்துப் போட்டாள், பக்கத்தில் பேனாவால் "காலை 10.50" என்று எழுதினாள், பேனாவை என்னிடம் நீட்டினாள்.

எழுத்தர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை உருவி எடுத்துக்கொண்டார், எங்களை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டார். அடுத்த பருவத்தில் அவள் பெயர் பிரதிநிதிப் பட்டியலில் இல்லை.

கங்காடாபா, லிங்டோ லிங்டோ என்று எல்லாரும் தேர்தல் செலவையே பேசுகிறார்கள். அதே அறிக்கை, நியமன முறை குறை உள்ளது, இடைக்கால ஏற்பாடு மட்டுமே, 5 ஆண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. 2006-ல் சொன்னது. எங்கள் ஊர்க் கல்லூரிகளில் அதை யார் கேட்டார்கள்?

பழையவாக்குச்சாவடி:

ஒரு பல்கலையில் மாணவர் நலப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். தேர்தல் செலவுக் கணக்கு என் மேசைக்குத்தான் வரும். ஒரு பையன் டீக்கடைத் துண்டுச் சீட்டு உட்பட எல்லாவற்றையும் நூலில் கோத்துக் கொண்டுவந்தான். தோற்றுப்போனவன். "தோற்றவங்க கொடுக்கணும்னு யாரும் கேட்கலையே தம்பி" என்றேன். "விதியில வேட்பாளர்னுதானே இருக்கு, ஜெயிச்சவர்னு இல்லையே சார்" என்றான். அந்தப் பையன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, இப்போது கடைசிவரிசை தம்பிக்கு. நீங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள் இல்லையா? அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கூட்டம் முடிந்ததா, ஒத்திவைக்கப்பட்டதா? இரண்டும் வேறு. பல சங்க விதிகளில், கோரம் இல்லாமல் ஒத்திவைத்த கூட்டத்தை மறுபடி கூட்டும்போது கோரம் பார்க்க வேண்டாம் என்று ஒரு பிரிவு இருக்கும். உங்கள் பேரவையின் அமைப்பு விதியை வாங்கிப் படியுங்கள். தேர்தல் நேரத்தில் ஆளுக்கு ஆள் அதைக் கையில் வைத்திருப்பார்கள், அப்புறம் ஒருவரிடமும் இருக்காது. நகல் எடுத்து ஒவ்வொரு விடுதியிலும் ஒன்று வையுங்கள்.

கணக்கைக் கடைசியில் வைக்க விடக்கூடாது. நிகழ்ச்சி நிரல் வந்த உடனே, கணக்கை முதல் பொருளாக வையுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள், பத்துப் பேர் கையெழுத்தோடு. கூட்டம் நிறைந்திருக்கும்போது கணக்குப் படிக்கிறவர் வேறு மாதிரிதான் படிப்பார்.

அப்புறம், அரசுப் பல்கலை என்றால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கு 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். பேரவைக் கட்டணத்தைப் படிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்துப் பல்கலைக் கணக்கு வழியாகக் கொடுத்தால், அந்த ஆவணம் பல்கலையிடம் இருக்கும். "கணக்குக் கொடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இந்தக் கல்வியாண்டில் பேரவைக்கு எந்தத் தேதியில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, அதற்கு வந்த செலவுச் சீட்டுகளின் நகல் என்று பிரித்துக் கேளுங்கள்.

லிங்டோ விதியையும் ஒழுங்காகப் படியுங்கள். ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய் வரம்பு. முடிவு அறிவித்து இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கு வர வேண்டும். வந்த இரண்டு நாளில் கல்லூரி அதை வெளியிட வேண்டும், எந்த மாணவரும் பார்க்கலாம். அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும். 75 சதவீத வருகை. நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு முறைதான் நிற்கலாம். இதையெல்லாம் பயன்படுத்துகிற மாணவர்கள் குறைவு, விதி இல்லை என்பதில்லை.

மார்த்தாண்டம்பஸ்:

அண்ணா, கேட்டது சம்பவம். மன்னிக்கவும், ஆனால் அந்த முதலாண்டுப் பெண் எழுந்து நின்றதே பெரிய விஷயம். நள்ளிரவில் அவள் விதிப்புத்தகமும் கொண்டுவந்திருக்க வேண்டுமா?

நான் குமரி மாவட்டம், படித்தது திருவனந்தபுரத்தில். கேரளாவில் கல்லூரி யூனியனில் சேர்மன், பொதுச் செயலாளர் போல ஆர்ட்ஸ் கிளப் செயலாளரும் மேகசின் எடிட்டரும் ஓட்டுப் போட்டுத்தான் வருவார்கள். பல்கலை யூனியனுக்கு அனுப்புகிற கவுன்சிலர்களையும் அப்படித்தான் தேர்ந்தெடுப்போம். எடிட்டர் பதவிக்கு ஓட்டுக் கேட்டு ஒருவர் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குவதை முதல் வாரம் பார்த்து அசந்துபோனேன்.

எங்கள் வகுப்புக்கு வந்தவர் மலையாளத்தில் பேசிவிட்டு, "சந்தேகம் உண்டோ?" என்றார். கடைசி பெஞ்சில் நாங்கள் நாலு பேர் தமிழ். என் தோழி கேட்டாள்: "உங்கள் இதழில் தமிழுக்குப் பக்கம் உண்டா?" அவர் யோசிக்கவே இல்லை. "நீங்கள் எழுதித் தந்தால் உண்டு. தராவிட்டால் என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றார். வகுப்பு முழுக்கக் கை தட்டியது.

ஜெயித்தார். இதழ் வந்தபோது தமிழ்ப் பக்கங்கள் இருந்தன. எழுத்துப்பிழை மலிந்திருந்தது, அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லையாம். அவர் கட்சிக்கு நான் ஓட்டுப் போடவில்லை என்பது அவருக்குத் தெரியும். மெய்ப்புத் திருத்த என்னைத்தான் கூப்பிட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றும். கட்சி வந்தால் கல்லூரி கெட்டுப்போகும் என்று ஊரில் சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். சண்டையும் பார்த்திருக்கிறேன், தலை உடைந்ததையும் பார்த்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை.

ஏ9வீதி:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கம்பஸ் எது என்று கேட்க வேண்டாம்.

முதலாம் வருடம். என்னுடைய அறைத்தோழன் பகிடிவதை (ராகிங்) தாங்க முடியாமல் இரவிரவாக அழுவான். விடுதி மாற்றித் தரச் சொல்லிக் கேட்போம் என்று இரண்டு பேரும் பீட மாணவர் ஒன்றிய அறைக்குப் போனோம். முதலாம் வருடக்காரருக்கு ஏதும் பிரச்சினை என்றால் ஒன்றியத்திடம் வாருங்கள் என்று வரவேற்பு நாளில் சொல்லியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முதல் நாள் இரவு எங்கள் விடுதி வராந்தாவில் நின்றவரே அவர்.

"சொல்லும் தம்பி, என்ன பிரச்சினை?" என்றார். நல்ல ஆதரவான குரல். நடிக்கிற மாதிரியே இல்லை. என் தோழன், "ஒன்றுமில்லை அண்ணா, மகாபொல எப்ப வரும் என்று கேட்க வந்தனாங்கள்" என்றான்.

அதுக்கும் அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார், பதிவாளர் கந்தோரில் விசாரித்துச் சொல்கிறேன் என்று பெயர்களை எழுதினார். சொன்ன மாதிரியே விசாரித்தும் சொன்னார். மகாபொல உதவித்தொகை பிந்திய மாதங்களில் கன்டீனில் எங்களுக்குக் கடனுக்குச் சாப்பாடு ஒழுங்கு செய்ததும் அதே ஒன்றியம்தான். வன்னியிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் தகப்பன் செத்தபோது பஸ் பிடித்து எல்லாரையும் கூட்டிப்போனதும் அவர்கள்தான். நான் அவர்களை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. தோழன் இரண்டாம் தவணைக்குத் திரும்பி வரவில்லை.

பழையவாக்குச்சாவடி:

ஏ9வீதி, உங்கள் நாட்டில் பகிடிவதைத் தடைச் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது. ஒன்றியத்தைத் தாண்டி நேராகப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கே எழுதியிருக்கலாம். இப்போதும் எழுதலாம்.

ஏ9வீதி:

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஐயா, எங்கள் விடுதி அறிவித்தல் பலகையிலேயே ஒட்டியிருந்தது. சட்டம் இல்லாமல் நாங்கள் வாய் மூடவில்லை. முறைப்பாடு கொடுத்த பிறகும் அதே வராந்தாவால்தான் நடந்து போக வேண்டும். அவனுக்கு அந்த நேரம் தேவைப்பட்டது அந்த மேசையில் வேறொருவர்.

மெட்ரோஎல்லோலைன்:

டெல்லி பல்கலை, 2024-ல் முதலாண்டு. பழையவாக்குச்சாவடி அண்ணா சொன்ன "கையால் எழுதிய சுவரொட்டி மட்டும்" என்ற வரியைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

செப்டம்பர் 27 ஓட்டுப் பதிவு. அதற்கு முந்தைய வாரம் வடக்கு வளாகத்தில் நடந்து பாருங்கள், கால் வைத்தால் வழவழவென்று அச்சடித்த தாள். வண்டியிலிருந்து அள்ளி அள்ளி வீசுவார்கள். சுவர், தூண், மெட்ரோ நிலையம் எங்கேயும் வேட்பாளர் பெயர். ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் முடிவு வரும் என்று விடுதியில் உட்கார்ந்திருந்தோம். சுவர்களையும் பொது இடங்களையும் சுத்தம் செய்து முடிக்கும் வரை எண்ணக்கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. நவம்பர் 25-ல்தான் முடிவு வந்தது. பருவத் தேர்வு நெருங்கிவிட்டது.

ஆனால் எனக்கு மறக்காதது அதுவும் இல்லை. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் எங்கள் கல்லூரி வாசலில் துப்புரவு வேலை செய்கிற அம்மா ஒருவர் அந்தத் தாள்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் குனிந்து அவரோடு சேர்ந்து அள்ள ஆரம்பித்தான். அப்போது ஒரு வேட்பாளரின் ஆட்கள் வந்தார்கள். அவன் கையில் இருந்த தாள்களைத் தங்களுக்கான ஆதரவு என்று நினைத்துக்கொண்டு, தோளில் தட்டி, அவனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவன் எதுவும் சொல்லவில்லை, போட்டோ முடிந்ததும் மறுபடி குனிந்து அள்ளினான்.

5,000 ரூபாயில் அவ்வளவு தாள் அச்சடிக்க முடியாது என்பது முதலாண்டுக்காரனுக்கே தெரியும். அண்ணா, அந்த வருஷத்து வேட்பாளர்களின் தணிக்கைக் கணக்கு வெளியாகியிருந்தால் அதை எங்கே பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நிஜமாகவே பார்க்க வேண்டும்.