முதலில் வானத்தில் பார்த்தேன், பிறகு அதன் வழியே பேசினேன்

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இணையச் செயற்கைக்கோள்களான ஸ்டார்லிங்க் வானில் வரிசையாகச் செல்வதை மொட்டை மாடியிலிருந்து கண்டதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சரக்குக் கப்பலில் அதிகாரியாகப் பணிபுரியும் நான் அதை நடுக்கடலில் கண்டேன். 2020ஆம் ஆண்டு, இந்தியப் பெருங்கடலில், அதிகாலை நான்கு முதல் எட்டு மணி வரையிலான வாட்ச்சில், அதாவது கப்பலைக் கண்காணிக்கும் பணி முறையில், நின்றிருந்தபோது, விடியலுக்குச் சற்று முன் ஒளிப்புள்ளிகள் நூல் பிடித்தாற்போல மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றன. உடனிருந்த மாலுமி நாற்பது வரை எண்ணிவிட்டு, "சார், இதை லாக் புக்கில் எழுதணுமா?" என்று கேட்டார். நான் எழுதவில்லை. ஒரே ராக்கெட்டில் 60 வரை ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோள்கள், தமக்குரிய 550 கிலோமீட்டர் உயரத்தை எட்டுமுன், தாழ்வாக நெருங்கிச் செல்லும் நாள்களில்தான் அவ்வாறு தெரியும் என்பதைப் பிறகே படித்தறிந்தேன்.

அப்போது எங்கள் கப்பலில் இருந்தது விசாட் என்னும் பழைய வகைச் செயற்கைக்கோள் தொடர்பு. அதன் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், நான் பேசியது மேலே போய்க் கீழே இறங்கக் கால் நொடியும், பதில் வந்து சேர இன்னொரு கால் நொடியும் ஆகும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் அந்த இடைவெளியில், பதில் வரவில்லையென்று நான் மறுபடி தொடங்க, அதே நேரத்தில் மனைவியும் பேச, "நீ சொல்லு", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்பதிலேயே பாதி அழைப்பு கழிந்துவிடும்.

2023இல் நான் ஏறிய கப்பலில், கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜுக்கு மேலுள்ள, மங்கி ஐலண்ட் எனப்படும் தளத்தில் ஸ்டார்லிங்கின் தட்டையான வெள்ளை ஆன்டெனா ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. தலைக்கு மேல் ஒவ்வொரு செயற்கைக்கோளும் சில நிமிடங்களில் கடந்துவிடுவதால், அது இருந்த இடத்திலிருந்தே ஒன்றை விட்டு அடுத்ததைப் பற்றிக்கொள்கிறது. தரை நிலையம் எட்டாத கடற்பரப்பில் அவை தமக்குள் லேசர் வழியே தகவலைக் கைமாற்றிக் கரைசேர்க்கின்றன. உயரம் குறைவென்பதால் பழைய இடைவெளி தெரியவில்லை; முதல் அழைப்பில், என் பேச்சை முடிக்கவிடாமல் மகள் குறுக்கே பேசினாள். கடலிலிருந்து பேசும்போது அது எனக்குப் புதிது.

குறைகளும் உண்டு. புகைபோக்கி மறைக்கும் திசையிலும் கனமழையிலும் தொடர்பு அறுபடும். ஆளுக்கு இவ்வளவு என அளந்து தரப்படும் டேட்டா மாதக் கடைசி வரை வருவதில்லை. ஸ்டார்லிங்குக்கு உரிமம் வழங்காத நாட்டின் 12 கடல் மைல் எல்லைக்குள் ஆன்டெனாவை அணைத்துவிடவும் வேண்டும். அந்த ஆண்டு சென்னைத் துறைமுகத்தை நெருங்கியபோதும் அணைத்தோம்; நடுக்கடலில் தடையின்றிப் பேசிவந்த நான், ஊர் விளக்குகள் தெரியும் தொலைவில், டவர் கிடைக்கிறதா என்று பிரிட்ஜின் பக்கவாட்டு நீட்சியான பிரிட்ஜ் விங்கில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.